கூதிரும் குடும்பமும்

மன்னரின் வரலாற்றைக் கல்வெட்டுச் சொல்லும்; அரசின் வரலாற்றை ஆவணம் சொல்லும். கல்லிலும் செம்பிலும் பெயர் பொறிக்கப்பெறாத ஓர் எளிய குடும்பத்தின் வரலாற்றை எது சொல்லும்? பாட்டி சொல்வார். பாட்டிக்குப் பின் யார் சொல்வார்?

இவ்வினாவிற்கு விடையாக நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு பொருள் அலமாரியின் மேல்தட்டில் துணி சுற்றப்பட்டுக் கிடக்கின்றது. தடித்த கறுப்புத் தாள்களைக் கயிற்றால் கோத்து, அவற்றில் நிழற்படங்களை மூலை பிடித்துப் பொருத்தி, வீட்டார் தம் கையாலேயே அமைத்த படத்தொகுப்பு ஏடு அது. பேச்சு வழக்கில் அதனை ஆல்பம் என்போம். அதனை வரலாற்று நூல் என்று எவரும் எண்ணுவதில்லை. ஆயினும் அக்குடும்பத்தைப் பொறுத்தவரை அதனினும் சிறந்த வரலாற்று நூல் பிறிதொன்று இல்லை.

இன்று சிங்கப்பூர்ப் பள்ளி மாணவர் ஒருவரிடம், ‘குடும்பமும் இலையுதிர்காலமும்’ என்னும் பொருளில் ஒரு சிறிய ஏடு செய்து வருமாறு கூறினால், அவர் கை முதலில் நாடுவது சிவப்புத் தாளையும் கத்தரிக்கோலையுமே ஆகும். விரல் விரித்த கை போன்ற மேப்பிள் இலைகளை வெட்டிப் பக்கத்தின் ஓரமெல்லாம் ஒட்டி விடுவார். அம்மரத்தை அவர் பாட்டனார் கண்டதில்லை. அதன் சருகின் மீது அவர் பாட்டி நடந்ததுமில்லை. ஏட்டின் நடுவே நம் குடும்பம். ஓரத்தில் அயல் நாட்டு இலை! சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பத்திற்கு இலையுதிர்காலம் என்று ஒன்று உண்டா? உண்டெனின், குடும்ப ஏட்டில் அதற்குரிய பக்கம் எது? இவ்வினாக்களுக்கு விடை காண முற்படின், நம்மவர் இந்நாட்டில் வாழ்ந்த வரலாற்றையே ஒருமுறை புரட்டிப் பார்க்க நேரும்.

கூதிர் என்னும் பருவம்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் பண்டைத் தமிழர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்குரிய திங்கள்கள் என்பது மரபு. மேலை நாட்டார் இலையுதிர்காலம் என்று போற்றும் பருவத்தின் பிற்பகுதியும் ஏறத்தாழ இதுவே. ஆயின் நம் முன்னோர் இப்பருவத்தை இலையைக் கொண்டு அளக்கவில்லை. மழையைக் கொண்டும் வாடைக் காற்றைக் கொண்டும் அளந்தனர். தொல்காப்பியர் குறிஞ்சித் திணைக்குக் கூதிரையும் யாமத்தையும் பொழுதாக வகுத்தார். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் கூதிர்ப் பருவத்தை விரித்துரைக்கின்றார். அங்கே அரசி அரண்மனையில் தனித்திருக்கின்றாள். அரசனோ போர்ப் பாசறையில் இருக்கின்றான். பிரிந்த குடும்பத்தின் காலமாகவே கூதிர் அந்நூலில் காட்சியளிக்கின்றது. இக்குறிப்பினை மாணவர் நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிற்கு ஒரு பாகை வடக்கே அமைந்த தீவு. மரங்கள் யாவும் ஒருங்கே இலையுதிர்க்கும் குளிர்காலம் இங்கு இல்லை. ஆயின் கூதிர் உண்டு. அக்டோபர், நவம்பர்த் திங்கள்களில் பிற்பகல் தோறும் இடியுடன் மழை பொழிவது இயல்பு. டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வலுப்பெறுகின்றது. அதே ஐப்பசியில்தான் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீமிதி நடைபெறுகின்றது. சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து அடியார்கள் ஊர்வலமாக அங்குச் செல்கின்றனர். தீபாவளியும் அந்நாள்களிலேயே வருகின்றது. 1929ஆம் ஆண்டில் தீபாவளி இங்குப் பொது விடுமுறை நாளாயிற்று. விடுமுறை கிடைத்தால்தானே குடும்பம் ஒன்றுகூடும்? ஒன்றுகூடினால்தானே படம் எடுக்க இயலும்? புத்தாடை உடுத்த குழந்தைகளை வரிசையாக நிறுத்தி எடுத்த தீபாவளிப் படம் நம்மவர் ஏடுகளில் தனியிடம் பெற்றதற்குக் காரணம் இதுவே. அந்தப் பக்கத்தைக் கூதிர்ப் பக்கம் என்று நாம் பெயரிடலாம்.

கூதிர் மழைக்கு இந்நாட்டு அரசு வாழ்விலும் ஓர் இடம் உண்டு. 1971ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் முதலாவது மரம் நடும் நாள் கொண்டாடப்பட்டது. நவம்பர்த் திங்களைத் தேர்ந்ததற்கு மழையே காரணம். நட்ட கன்றுக்கு நீர் ஊற்றும் உழைப்பு குறையுமன்றோ! பிற நாடுகளில் இலை உதிரும் திங்களில் இந்நாட்டில் மரம் நடுகின்றனர். நம் மாணவர் ஏட்டில் எழுதத் தக்க செய்தி இது.

பிறர் ஏட்டில் பெயரின்றி

நிழற்படக் கலை 1839ஆம் ஆண்டு பாரிசில் உலகறிய வெளியிடப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1843 டிசம்பரில், விடுதி நடத்தி வந்த டுட்ரோங்குவா என்பார் படம் எடுத்துத் தருவதாகச் சிங்கப்பூர்ச் செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். 1867ஆம் ஆண்டில் லாம்பர்ட் என்பார் இங்கு நிறுவிய நிழற்பட நிலையம் பின்னர்ப் பெரும்புகழ் எய்தியது. அந்நாளைய நிலையங்கள் துறைமுகத்தையும் தெருக்களையும் படமெடுத்ததோடு, இத்தீவில் வாழ்ந்த பல இனத்தாரையும் படமெடுத்துப் பயணிகளுக்கு விற்றன. தலைப்பாகை கட்டிய தமிழரும் மூக்குத்தி அணிந்த தமிழ்ப் பெண்டிரும் அப்படங்களில் உள்ளனர்.

அவர்கள் பெயர் என்ன? எந்த ஊரினர்? யாருடைய மக்கள்? படத்தின் அடியில் இனத்தின் பெயரோ தொழிலின் பெயரோ இருக்கும். ஆளின் பெயர் இராது. ஐரோப்பியப் பயணி தன் நினைவு ஏட்டில் அப்படத்தை ஒட்டிக்கொண்டு ஊர் சென்றான். பிறர் தொகுத்த ஏட்டில் நாம் முகமாக இருந்தோம், பெயராக இல்லை. இவ்வுண்மையை உணர்ந்தாலன்றிக் குடும்பம் தானே தொகுக்கும் ஏட்டின் அருமை விளங்காது. தன் மக்களைத் தன் கையால் பெயரிட்டு அமைத்துக் கொள்வதே அவ்வேட்டின் முதற்பயன்.

கருவி எளிதானபோது ஏடும் எளிதாயிற்று. மார்க் டுவெயின் என்னும் அமெரிக்க எழுத்தாளர், பசை முன்னரே தடவிய ஒட்டேடு ஒன்றினை அமைத்து 1873இல் காப்புரிமை பெற்றார். செய்தித்தாள் துணுக்கு, வாழ்த்து அட்டை, பயணச்சீட்டு முதலியவற்றை ஒட்டி வைக்கும் பழக்கம் அந்நாட்டில் அத்துணைப் பரவியிருந்தது. 1900ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனம் பிரவுனி என்னும் பெட்டிப் படக்கருவியை ஒரு டாலர் விலைக்கு விற்றது. அதுமுதல் குடும்பத்தாரே குடும்பத்தைப் படமெடுக்கும் நிலை உலகெங்கும் மெல்லப் பரவலாயிற்று.

கடல் கடந்த படம்

சிங்கப்பூர் வந்த தமிழருள் தொடக்கத்தில் மிகப் பெரும்பாலோர் ஆடவரே. மனைவியும் மக்களும் தஞ்சை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய மாவட்டத்துச் சிற்றூர்களில் இருக்க, ஆடவர் இங்குத் துறைமுகத்திலும் கடைகளிலும் சாலைப் பணியிலும் உழைத்தனர். நெடுநல்வாடையின் பிரிவு இங்கு அரண்மனைக்கும் பாசறைக்கும் இடையே அமையவில்லை. நாகப்பட்டினத்திற்கும் சிங்கப்பூருக்கும் இடையே அமைந்தது. 1926இல் கட்டப்பெற்ற ரஜூலா என்னும் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவ்வழியே மக்களைச் சுமந்தது. அதற்குப்பின் எம்.வி. சிதம்பரம் என்னும் கப்பல் 1985இல் தீ விபத்துக்கு உள்ளாகும்வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சென்று வந்தது.

கப்பலில் ஆள் சென்றதுபோலவே படமும் சென்றது. சம்பளப் பணத்தில் ஒரு பங்கை மிச்சப்படுத்தி நிழற்பட நிலையத்திற்குச் சென்று, திரைச்சீலைக்கு முன் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து ஒரு படம், அது ஊருக்கு. ஊரிலிருந்து மனைவி குழந்தையை இடுப்பில் ஏந்தி நின்ற ஒரு படம்; அது இங்கு. தந்தை முகத்தைப் படத்தில் மட்டுமே கண்டு வளர்ந்த குழந்தைகள் உண்டு. கணவனும் மனைவியும் ஒரே படத்தில் இல்லாமல், இரு கரைகளில் எடுத்த இரு படங்களாக ஏட்டின் ஒரே பக்கத்தில் அருகருகே ஒட்டப்பட்டிருப்பின், அப்பக்கத்தை அழகுக் குறைவு என்று திருத்த முற்படலாகாது. அந்த இடைவெளியே அக்குடும்பத்தின் வரலாறு. இன்னும் பல இல்லங்களில், கடவுச்சீட்டிற்கென எடுத்த சிறு சதுரப் படமே மூத்தோரின் ஒரே படமாக எஞ்சியுள்ளது.

ஏடுகளில் காணும் இன்னொரு வெற்றிடம் போர்க்காலத்தினுடையது. 1942 பிப்ரவரி 15 முதல் 1945 செப்டம்பர் வரை சிங்கப்பூர் சப்பானியர் ஆட்சியில் இருந்தது. மலாயாவிலிருந்து சயாம்–பர்மா இரயில் பாதைப் பணிக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளருள் பல்லாயிரவர் மீளவில்லை. உணவுக்கே வழியில்லாத நாளில் படம் ஏது? 1941க்கும் 1946க்கும் இடையே ஒரு படமும் இல்லாத ஏட்டைக் காணும் மாணவர், அதனைக் குறைபாடு என்று கருதாமல், ‘இவ்வாண்டுகளில் என்ன நடந்தது?’ என்று வீட்டுப் பெரியவரிடம் வினவுதல் வேண்டும்.

உண்மையான இலையுதிர்காலம்

மரங்கள் யாவும் ஒருங்கே இலையுதிர்க்கும் காலம் இங்கில்லை என்று மேலே கூறினோம். அது பொது உண்மை. ஆயின் ஒரு மரம் மட்டும் இதற்கு விலக்கு. அம்மரமே தமிழரைப் பெருந்தொகையினராக இந்நிலப்பகுதிக்கு வரவழைத்த மரம் என்பது வியப்பிற்குரியது.

1877ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888 முதல் இங்குத் தாவரவியல் பூங்காவின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, அப்பயிரைப் பரப்ப அயராது பாடுபட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. சிங்கப்பூரின் வடபகுதியிலும் தோட்டங்கள் இருந்தன. ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டுச் செல்வரான லிம் நீ சூன் என்பாரின் பெயரே இன்று ஈசூன் நகரின் பெயராக வழங்குகின்றது. தோட்டங்களுக்குக் கங்காணிமார் வழியாகத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து ஆள் சேர்த்தனர். 1938இல் இந்திய அரசு விதித்த தடையால் அவ்வாள்சேர்ப்பு முடிவுற்றது.

ரப்பர் மரம் ஆண்டிற்கு ஒருமுறை இலை உதிர்க்கும். ஆண்டிறுதி மழை ஓய்ந்தபின், தை, மாசித் திங்களை ஒட்டி, மூன்று மூன்றாய் அமைந்த அதன் இலைகள் மஞ்சளாகி, செம்பு நிறமாகி, சில வாரங்களில் உதிர்ந்துவிடும். தோட்டம் முழுதும் சருகு மெத்தை போல் பரந்து கிடக்கும். பின்னர்ச் செந்தளிர் அரும்பி மீண்டும் பசுமை கொள்ளும். கண்ணுக்கு இஃது இனிய காட்சியே. ஆயின் இலை உதிர்ந்து தளிர் விடும் அந்நாள்களில் மரத்தில் பால் குறையும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை பிடித்து, மங்கு மங்காகப் பால் சேர்த்து, எடைக்குக் கூலி பெற்றோர்க்குப் பால் குறைந்தால் கூலியும் குறையும். குளிர்நாட்டில் இலையுதிர்காலம் அறுவடையின் நிறைவைக் குறிக்கும். லயத்து வீட்டிலோ அது உலை சிறுத்த காலத்தைக் குறித்தது.

தமிழ்க் குடும்பம் இந்நிலத்தில் உணர்ந்த உண்மையான இலையுதிர்காலம் இதுவே. இதற்குப் படம் இல்லை. லயத்தில் வாழ்ந்தவர் கையில் படக்கருவி ஏது? தீபாவளிக்குப் புத்தாடையோடு எடுத்த படம் இருக்கலாம். தை மாதத்துக் கடன் கணக்கைப் படமெடுத்தவர் எவருமிலர். ஆகவே இன்பம் நிகழ்ந்த நாள்களையே ஏடு காட்டுகின்றது. துன்பத்தைச் சொல்ல மனிதர் வாய் திறத்தல் வேண்டும். தோட்டத்தில் வாழ்ந்த பாட்டனோ பாட்டியோ இன்னும் இருக்கும் இல்லத்து மாணவர், மேப்பிள் இலைக்கு மாற்றாக ரப்பரின் மூவிலையை வரைந்து, அதன் கீழே அவர் சொல்லும் நான்கு வரிகளை எழுதுவாராயின், எந்த ஆவணத்திலும் இல்லாத ஒரு செய்தி அவ்வேட்டில் இடம்பெறும். பழைய தோட்டங்கள் இருந்த இடத்துக் காடுகளில் இன்றும் ரப்பர் மரங்கள் நிற்கின்றன. பூங்காக்களிலும் இயற்கைக் காப்பகங்களிலும் இலை பறித்தல் விதிக்கு மாறானது. ஆதலால் பார்த்து வரைந்து கொள்வதே முறை.

ஏட்டினை அமைக்கும் முறை

ஏடு செய்தல் எளிய கைவேலையே. நான்கு தடித்த தாள்களை நடுவில் மடித்து ஒன்றனுள் ஒன்று செருகினால் 16 பக்கங்கள் கிடைக்கும். மடிப்பில் மூன்று துளையிட்டு நூலால் தைத்து, மேலே அட்டை இட்டால் ஏடு முடிந்தது. ஆயின் ஈரப்பதம் மிகுந்த இந்நாட்டில் அது நெடுநாள் நிற்பதற்குச் சில கவனங்கள் தேவை.

மாப்பசையைப் பூச்சி அரிக்கும். இராமபாணப் பூச்சி படத்தையும் சேர்த்துத் தின்னும். இதனாலேயே பழைய நூற்கட்டுநர் பசையில் சிறிது மயில்துத்தம் கலந்தனர். அது நஞ்சாதலின் மாணவர் கையாளுதல் தகாது. படத்தின் முதுகில் பசை தடவாமல், நான்கு மூலைகளையும் தாள் மூலைகளில் செருகுவதே சிறந்தது. வேண்டும்போது படத்தை எடுத்து முதுகில் எழுதியதைப் படிக்கலாம். 1970களில் பரவிய ஒட்டும் பக்கங்களும் நெகிழி உறையும் கொண்ட ஆயத்த ஏடுகள் கண்ணைக் கவர்ந்தன; ஆயின் அவற்றின் பசை நாளடைவில் பழுப்பேறிப் படங்களைப் பற்றிக்கொண்டது. அக்காலத்து வண்ணப் படங்கள் பல நிறம் வெளிறிச் செம்மை படர்ந்துவிட்டன. அவற்றினும் மூத்த கறுப்பு வெள்ளைப் படங்களோ பெரும்பாலும் தெளிவாகவே உள்ளன.

வீட்டருகே உதிர்ந்து கிடக்கும் இலையை ஒட்ட விரும்பினால், செய்தித்தாள்களுக்கு இடையே வைத்துக் கனமான நூல்களை மேலேற்றி, முதற்சில நாள் தாளை நாள்தோறும் மாற்றுதல் வேண்டும். நாட்டுவாதுமை மரத்தின் இலை உதிருமுன் நன்கு சிவக்கும். அதற்குச் செயற்கை வண்ணம் வேண்டா.

படத்தின் கீழ் ஒரு வரி

இவை யாவற்றினும் இன்றியமையாதது ஒன்று உண்டு. படத்தின் கீழே எழுதும் ஒரு வரியே அது. யார், எங்கே, எந்த ஆண்டு என்னும் மூன்று செய்திகளும் இல்லாத படம், மூன்றாம் தலைமுறையில் அயலார் படமாகிவிடும். லாம்பர்ட் நிலையத்துப் படங்களில் நம்மவர் பெயரின்றி நின்றதற்கு அயலாரைக் குறை கூறலாம். நம் வீட்டு ஏட்டிலேயே நம் பாட்டி பெயரின்றி நிற்பாராயின் யாரைக் குறை கூறுவது?

தமிழாசிரியர்களாகிய நமக்கு இதில் வேறொரு கவலையும் உண்டு. பழைய படங்களின் முதுகில் பென்சிலால் எழுதப்பட்ட குறிப்புகள் தமிழில் உள்ளன. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளருள் வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காட்டினர், 2020இல் அது 2.5 விழுக்காடாயிற்று. பாட்டனார் எழுதிய வரியைப் பேரன் படிக்க இயலாத நாள் வருமாயின், படம் கையில் இருந்தும் வரலாறு கைநழுவும். ஆகவே குடும்ப ஏடு செய்யும் பயிற்சி வெறும் கைவேலையன்று. அது தமிழ்ப் பாடமும் ஆகும். பெரியவரிடம் வினவுதல், கேட்டதை எழுதுதல், பழைய கையெழுத்தைப் படித்தல் ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும்.

இந்நாட்டில் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979இல் தோன்றி, முதியோர் பலரின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்தது. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் 2015இல் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களை இன்று தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் காணலாம். இவையெல்லாம் பெரும் பேறுகளே. ஆயினும் எந்த நிலையமும் எல்லாக் குடும்பத்தையும் அறிய இயலாது. ஒரு படத்தை நாம் அங்குக் கொண்டு சென்றாலும், அவர்கள் கேட்கும் முதல் வினா, ‘இவர் யார்?’ என்பதாகத்தான் இருக்கும். அதற்கு விடை வீட்டிலிருந்தே வருதல் வேண்டும்.

எனவே, மாணவரே! வரும் ஐப்பசியில் மழை பெய்யும் ஒரு பிற்பகலில் அலமாரியின் மேல்தட்டிலுள்ள ஏட்டைக் கீழே இறக்குக. வீட்டிலுள்ள மூத்தவரை அருகே அமர்த்துக. ஒவ்வொரு படத்தையும் காட்டி வினவுக. அவர் சொல்வதைப் பென்சிலால் எழுதுக. இரு கரையில் எடுத்த இரு படங்களை அருகருகே வைக்க. படமில்லாத ஆண்டுகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குக. அங்கே கேட்டதை எழுதுக. இலை ஒன்று வரைய விரும்பின், அவர் மிதித்து நடந்த சருகு எம்மரத்தது என்று கேட்டு அதனை வரைக. இலை அடுத்த ஆண்டும் தளிர்க்கும். சொல்லத் தெரிந்தவர் மறைந்தபின் அச்சொல் மீண்டும் தளிர்ப்பதில்லை. ஆதலின் இவ்வாண்டே எழுதுக.